ஊவா மலைத்தோட்டங்களும் முதுகெலும்பின் நலிவும்

நாட்டு வரலாறு என்பது முடிமன்னர்தம் போர்களையும் தேசாதிபதிகள்தம் சட்டங்களையும் மாத்திரம் கூறுவதன்று. ஒரு மக்கட் கூட்டம் எதனை உண்டது, எங்கே உறங்கியது, எவ்வளவு சுமந்தது, எந்நோயால் நலிந்தது என்பனவும் வரலாற்றின்பாற்பட்டனவே. ஏட்டில் எழுதப்படாத அவ்வரலாறு சிலவேளை மனிதர்தம் உடலிலேயே எழுதப்பட்டுக் கிடக்கும். அதனைப் படிக்கக் கண் வேண்டும்.

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையிலும், அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைக்கு ஏறும் பாதையிலும், தோட்டத்து வேலையிலிருந்து ஓய்ந்த முதிய மாதர் பலரைக் காணலாம். மார்பு வயிற்றை நோக்கித் தாழ, முகம் நிலத்தை நோக்க, கோலூன்றி அவர் செல்வர். “கொழுந்துக் கூடை சுமந்த முதுகு, வயதும் ஆயிற்று, கூன் விழாமல் என் செய்யும்?” என்று கூறி நாம் அப்பாற் செல்கின்றோம். அக்கூற்றிலே பாதி உண்மை உண்டு. மற்றைப் பாதி நம் அறியாமை. அக்கூனிற் பெரும்பகுதிக்குக் காரணமாகவுள்ள நோய் ஒன்றுண்டு. அதற்குப் பெயர் உண்டு; அதனைத் தடுக்கும் வழி உண்டு; தணிக்கும் மருந்தும் உண்டு. எலும்பின் உள்ளீடு குறைந்து அது புரையோடும் இந்நோயை மருத்துவர் ஒஸ்டியோபொரோசிஸ் என்பர். ஈண்டு அதனை என்புப்புரை நோய் என வழங்குவாம். ஊவா மலைத்தோட்ட மக்களின் வரலாற்றோடு இந்நோயை இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூனைப் பற்றிய பழைய எண்ணம்

முதுமையையும் கூனையும் ஒன்றாகவே கருதுவது நம்மவர் மரபு. புறநானூற்றிலே தம் இளமையை நினைந்து இரங்கும் புலவர் ஒருவர், ஊன்றிய தண்டினாலேயே தொடித்தலை விழுத்தண்டினார் எனப் பெயர் பெற்றார். இராம காதையில் வரும் மந்தரைக்கோ கூனி என்பதே பெயராயிற்று. முன்னவரிடத்துக் கோல் காலத்தின் அடையாளம். பின்னவளிடத்துக் கூன் குணத்தின் அடையாளம். ஓரிடத்தும் அது நோயின் அடையாளமாக எண்ணப்படவில்லை.

மேலை நாட்டிலும் நெடுங்காலம் இந்நிலையே இருந்தது. முதியோர் எலும்பு மெலிந்திருப்பதனையும் எளிதில் முறிவதனையும் ஆங்கில அறுவை மருத்துவர் அஸ்ட்லி கூப்பர் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் குறித்துரைத்தார். அதனையடுத்து ஸ்ட்ராஸ்பூர்க் நகர மருத்துவப் பேரறிஞர் ஜீன் லொப்ஸ்டைன், புரையோடிய எலும்புக்கு இப்போது வழங்கும் பெயரைச் சூட்டினார். அது 1830 ஆம் ஆண்டையொட்டிய காலம். கண்டி மலைகளிலே கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கியதும் அக்காலமே. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எலும்பு விரைந்து குறைகின்றது என்னும் உண்மையைப் புல்லர் ஓல்பிரைட் என்னும் அமெரிக்க மருத்துவர் 1940 ஆம் ஆண்டையொட்டி விளக்கினார். எலும்பின் அடர்த்தியை அளந்து நோயை வரையறுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1994 இல் வெளியிட்டது. எனவே, நோய் பழையதாயினும் அதனைப் பற்றிய அறிவு இளையது. இதனை மனத்திற்கொண்டே தோட்டத்து வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

கோப்பியிலிருந்து தேயிலைக்கு

ஊவா 1886 இல் தனி மாகாணமாயிற்று. அதற்கு முன்னரே பதுளை, பசறை, மடூல்சீமை, ஹல்துமுல்லை ஆகிய பகுதிகளிற் கோப்பி பயிராகியது. கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதல் 1869 இற் காணப்பட்ட இடம் மடூல்சீமையே என்பது நம் மாணவர் அறியத்தக்கது. ஒரு பூஞ்சணம் ஓர் இலையின் அடியில் இட்ட புள்ளி இருபதாண்டுகளில் ஒரு தொழிலையே மாற்றிவிட்டது. கோப்பி மடிந்த நிலத்தில் தேயிலை எழுந்தது. தோமஸ் லிப்டன் 1890 இல் வாங்கிய தம்பேதன்னைத் தோட்டம் இம்மாற்றத்தின் அடையாளமாய் இன்றும் நிற்கின்றது.

இம்மாற்றம் தொழிலாளர்தம் வாழ்வையும் மாற்றியது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேயே பெருந்தொகையானோர் வேண்டும். பருவம் முடியப் பலர் தமிழ்நாட்டு ஊர்களுக்குத் திரும்புவர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுத்தல் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாய் மக்கள் லயங்களில் நிலைத்தனர். கொழுந்தெடுக்கும் வேலை பெண்கள் கைக்குப் போயிற்று. பிரட்டுக்களத்திற் பேர் பதிந்து, இடையிலே படங்கு கட்டி, தலையினின்று தொங்கும் கயிற்றிற் கூடையை முதுகில் ஏந்தி, மட்டக்கம்பு பிடித்துச் செங்குத்தான மலையில் நிரை நிரையாய் ஏறி இறங்கும் வாழ்வு தலைமுறை தலைமுறையாய்ப் பெண்மக்களுக்கு உரியதாயிற்று.

புகையிரதம் 1894 இற் பண்டாரவளையை அடைந்தது. பதுளையை அடைந்ததோ 1924 இலேயே. இடைப்பட்ட முப்பதாண்டுகளில் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களின் விளைபொருளை மாட்டு வண்டிகளும் மனிதர் தோள்களும் மலைப்பாதை வழியே கொண்டு சென்றன. தெமோதரையிற் சுற்றி வளையும் இருப்புப் பாதையைக் கண்டு வியப்போர், அப்பாதை வருமுன் அச்சுமையைத் தாங்கியோரையும் ஒருகணம் நினைத்தல் தகும்.

தோட்ட மருத்துவம் எதனை நோக்கியது?

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென முதற் கட்டளைச் சட்டம் 1872 இற் பிறந்தது. பின்னர் 1912 இல் மருத்துவத் தேவைகள் பற்றியும் தொழிலாளரிடையே பரவும் நோய்கள் பற்றியும் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. லயங்களின் துப்புரவும் நோயுற்றோர்க்கு மருந்தும் துரைமாரின் பொறுப்பாயின. தோட்டத்து மருந்தகமும் அங்கிருந்த டிஸ்பென்சரும் இவ்வேற்பாட்டின் பயனாகும்.

அக்கால மருத்துவம் அஞ்சிய பகைவர் வாந்திபேதி, அம்மை, வயிற்றுளைவு, கொளுக்கிப்புழு, மலேரியா என்போர். அவ்வச்சம் நியாயமானதே. ரொக்பெல்லர் நிறுவனத்தார் கொளுக்கிப்புழுவை ஒழிக்கும் பணியை 1916 இல் மாத்தளைத் தோட்டங்களிற் தொடங்கியபோது, சோதிக்கப்பட்டோருள் மிகப் பெரும்பாலாரிடத்து அப்புழு காணப்பட்டது. புழுவால் இரத்தம் குன்றியோர் வேலைக்கு வாரார். வேலைக்கு ஆள் வாராவிடிற் கொழுந்து முற்றும். எனவே புழுவை ஒழித்தலில் அறமும் ஆதாயமும் ஒருவழிப்பட்டன. முதுகெலும்பின் நலிவோ அத்தகையதன்று. அது தொற்றுவதில்லை; ஒரு நாளிற் கொல்வதில்லை; பெரும்பாலும் வேலைக்காலம் முடியும் தறுவாயிலேயே வெளிப்படுவது. வேலைக்கு ஆளைத் தகுதியாக்குவதையே நோக்கமாகக் கொண்ட மருத்துவத்தின் பேரேட்டில், வேலை முடிந்தவரின் நோய்க்கு இடமில்லாது போனது வியப்பன்று.

சட்டமும் அவ்வாறே அமைந்தது. 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது நேரும் விபத்துக்கும் பட்டியலிற் குறித்த தொழில்நோய்க்கும் ஈடு வழங்குகின்றது. படிப்படியாய்ச் சிதையும் முள்ளென்புக்கு விபத்து நேர்ந்த நாள் என்று காட்ட ஒரு நாளும் இல்லை. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, பெண்கள் 50 வயதில் அந்நிதியைப் பெறலாம். அவ்வயதே மாதவிடாய் நின்று எலும்பு மிக விரைந்து குறையும் காலம். தோட்டத்துப் பேரேட்டிலிருந்து பேர் நீங்கும் காலமும் உடலுக்குப் பாதுகாப்பு மிக வேண்டப்படும் காலமும் இங்ஙனம் ஒன்றாயின.

இன்னொரு காரணமும் உண்டு. இலங்கை 1931 இற் சர்வசன வாக்குரிமை பெற்றது. வாக்குப் பெற்ற கிராமங்கள் தம் பிரதிநிதிகளிடம் பாடசாலையும் வைத்தியசாலையும் கேட்டுப் பெற்றன. நாட்டின் இலவச மருத்துவப் பணி விரைந்து வளர்ந்த காலத்திலே, 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அதனையடுத்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்கும் இழந்தனர். கேட்கும் வாய் அடைபட்டமையின் தோட்டங்கள் நாட்டின் பொது மருத்துவ அமைப்புக்குப் புறம்பாய் நெடுங்காலம் நின்றன. 1970 ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகிய பின்னரும், 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமைச் சிக்கல் பெரிதும் தீர்ந்த பின்னரும் அவ்விடைவெளி சிறிது சிறிதாகவே சுருங்கி வருகின்றது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி பதுளை மாவட்டத்தில் இம்மக்கள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர். இது சிறுதொகையன்று.

நோயின் இயல்பு

இனி நோயின் இயல்பைச் சுருங்க நோக்குவாம். எலும்பு உயிரற்ற கல்லன்று. அதனுள்ளே பழைய பகுதியைக் கரைக்கும் உயிரணுக்களும் புதிய பகுதியைக் கட்டும் உயிரணுக்களும் ஓயாது தொழிற்படுகின்றன. இளமையிற் கட்டுதல் மிகும். முப்பது வயதளவில் எலும்பு தன் உச்ச அடர்த்தியை அடையும். பின்னர்க் கரைத்தல் மெல்ல மிகும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்திரோஜன் குறைவதாற் பெண்களுக்கு முதற் சில ஆண்டுகளில் அக்கரைவு மிக விரைவாகின்றது. ஆடவரும் இந்நோய்க்கு விலக்கல்லர். அவர்க்கு அது பிந்தி வரும்.

முதுகெலும்பைத் தாக்குவதற்கும் காரணம் உண்டு. முள்ளென்பின் உடல் தேன்கூடு போன்ற கடற்பஞ்சு எலும்பால் ஆயது. மெல்லிய குறுக்குச் சட்டங்கள் பல சேர்ந்து சுமையைத் தாங்குகின்றன. அச்சட்டங்கள் அறுபடின், உத்திரம் இற்ற கூரை போல எலும்பு முன்பக்கமாக அமிழ்ந்து ஆப்பு வடிவு கொள்ளும். மார்பின் நடுப்பகுதியிலும், மார்பும் இடுப்பும் கூடும் இடத்திலும் இது மிகுதி. இவ்வாறு இரண்டு மூன்று எலும்புகள் அமிழின் முதுகு வளையும், உயரம் குறையும், விலா இடுப்பை நெருங்கும், வயிறு நெருக்குண்டு உணவு செல்லாது, மூச்சும் குறுகும்.

இதில் அஞ்சத்தக்கது யாதெனின், இம்முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றே மருத்துவர் கவனத்துக்கு வருகின்றது என்பதாம். எஞ்சியவை வாதம் என்றும் வாயு என்றும் பிடிப்பு என்றும் தைலம் தடவி மறக்கப்படுகின்றன. ஒருமுறை முள்ளென்பு முறிந்த பெண்களுள் ஐவருள் ஒருவருக்கு அடுத்த ஓராண்டுக்குள்ளேயே மற்றொன்றும் முறிவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. முதல் முறிவை அறிதலே பின்னைய முறிவுகளைத் தடுக்கும் வாயில்.

கூடையா காரணம்?

கூடைச் சுமையே கூனுக்குக் காரணம் என்பது பலர் கருத்து. இதனை ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். எலும்பு தான் தாங்கும் சுமைக்கேற்பத் தன்னை வலுப்படுத்திக்கொள்ளும் என்பதை யூலியஸ் வொல்ப் என்னும் யேர்மானிய மருத்துவர் 1892 இல் எடுத்துரைத்தார். மலையேறி இறங்கும் உழைப்பு இளமையில் எலும்புக்கு நன்மையே செய்யும். எனவே கூடை எலும்பைப் புரையாக்குகின்றது என்று கூறல் பொருந்தாது.

ஆயினும் கூடையைக் குற்றமற்றது என விடுதலும் இயலாது. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 16 முதல் 20 கிலோ வரையிற் கொழுந்தெடுக்குமாறு கேட்கப்படுகின்றது. நிறுவைக்கு இடையில் அப்பாரம் தலைக்கயிற்றில் தொங்கிக் கழுத்தையும் முதுகையும் இழுக்கின்றது. தசையும் மூட்டும் இதனாற் தேய்கின்றன. எலும்பு வலுவாயிருக்கும்வரை அது தாங்கும். ஐம்பதைக் கடந்து எலும்பு புரையோடிய பின், குனிந்த நிலையில் விறகுக் கட்டையோ தண்ணீர்க் குடத்தையோ தூக்கும்போது முன்பக்கம் விழும் பாரமே எலும்பை நசுக்கப் போதுமானதாகின்றது. இளமையில் நன்மை செய்த உழைப்பே முதுமையிற் தீங்காகின்றது. ஆகவே முற்றிய வயதினர்க்கு இலகுவான வேலை தருதல் இரக்கத்தாற் செய்வதன்று. உடலியல் உணர்ந்து செய்யும் நீதியாகும்.

கூன் அனைத்தும் இந்நோயே என்றும் கொள்ளற்க. முதுகெலும்பைப் பற்றும் காசநோயும் கூனை விளைக்கும். 1779 இல் அதனை விரித்துரைத்த பேர்சிவல் பொட் என்பார் பெயரால் அது வழங்குகின்றது. இளவயதினர்க்குக் காய்ச்சலும் உடல் மெலிவும் முதுகு வலியும் சேர்ந்திருப்பின், அல்லது கால் மரத்தலோ வலுக்குன்றலோ காணின், உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். அதற்குச் சிகிச்சை முற்றிலும் வேறு.

உணவின் கதை

இளமையில் எலும்பைக் கட்டுவதற்குக் கல்சியமும் புரதமும் விற்றமின் டீயும் வேண்டும். லயத்து அடுப்பிலோ நெடுங்காலம் சோறும், கோதுமை மா ரொட்டியும், சம்பலும், பாலற்ற தேநீருமே ஆட்சி செலுத்தின. உலகுக்குத் தேயிலை அளித்தோர் அதிற் பால் கலந்து பருக வழியின்றி இருந்தனர். 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியிலோ பத்தளவே. தமிழ்நாட்டுப் புன்செய் ஊர்களிலிருந்து கேழ்வரகுக் களி உண்டு வந்த மக்கள், தோட்டம் அளந்து கொடுத்த அரிசிக்கு மாறியபோது பெற்றதொன்று, இழந்ததொன்று.

1973, 1974 ஆம் ஆண்டுகளில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு கடுமையாயிற்று. வயலும் தோட்டமும் சொந்தமாயில்லாத மலையக மக்களே அதனால் மிக நலிந்தனர். தோட்டங்களில் மரணவீதம் உயர்ந்தது. அக்காலத்திற் பன்னிரண்டு வயதினளாய், எலும்பு வளரும் பருவத்தில் இருந்த சிறுமி 2024 ஆம் ஆண்டில் 62 வயது மூதாட்டி. வளரும் பருவத்திற் சேமியாத எலும்பை முதுமையிற் செலவிட முடியாது. இன்று பாதையிற் காணும் வளைந்த முதுகிற் பழைய பஞ்சத்தின் சுவடும் இருத்தல் கூடும் என்பது வரலாற்று மாணவர் எண்ணத்தக்கது.

மற்றொன்றும் உண்டு. 1946 ஆம் ஆண்டளவில் இலங்கையர்தம் சராசரி ஆயுள் ஏறத்தாழ 43 ஆண்டுகள். இன்று அது 75 ஐக் கடந்துவிட்டது. முன்னோருட் பலர் இந்நோய் தோன்றும் வயதை எட்டவேயில்லை. ஆயுளை நீட்டிய நாம் அந்த ஆயுளை நிமிர்ந்து வாழவும் வழி செய்தல் வேண்டும்.

செய்யத்தக்கன

நோயையும் அதன் முதலையும் அறிந்து, தணிக்கும் வழியைத் தேர்ந்து செய்க என்பது மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் காட்டிய முறை. அம்முறையே ஈண்டும் பொருந்தும்.

நோயைச் சந்தேகித்தற்குப் பெருங்கருவி வேண்டா. இளமையில் இருந்த உயரத்தில் நான்கு சென்ரிமீற்றருக்கு மேற் குறைந்திருத்தல், குதிகாலைச் சுவரிற் பொருத்தி நிமிர்ந்து நிற்கும்போது பிடரி சுவரைத் தொடாமை, பாரம் தூக்கியதும் நடுமுதுகில் திடீரெனத் தோன்றிய வலி என்பன அடையாளங்கள். இவை காணின் எக்ஸ்ரே எடுத்தல் வேண்டும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா இயந்திரம் எங்கும் இல்லை. ஆயினும் வயது, எடை, முன் முறிவு முதலியவற்றைக் கொண்டு வருங்கால முறிவைக் கணிக்கும் பிராக்ஸ் முறை இலங்கைக்கெனவும் அமைக்கப்பட்டுள்ளது. ருகுணுப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் இத்துறையில் ஆற்றிய பணி பாராட்டற்குரியது.

உணவில் குரக்கன், எலும்போடு உண்ணும் நெத்தலி, முருங்கைக் கீரை, எள், இயன்றவிடத்துப் பால் ஆகியவை சேர்தல் வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கல்சியமும், ஐம்பது கடந்த பெண்களுக்கு 1200 உம் தேவை. வெயில் மிகுந்த நாடுகளிலும் விற்றமின் டீ குறைபாடு காணப்படுதலின் மருத்துவர் கூறின் அதனை உட்கொள்ளல் தகும். புகையும் மதுவும் எலும்புக்குப் பகை. ஈளை இரைப்புக்கு ஸ்டெரொயிட் மாத்திரையை மருத்துவரைக் கேளாது ஆண்டுக்கணக்கில் உண்பதும் எலும்பைக் கரைக்கும்.

மருந்துகளுள் அலென்ட்ரோனேற் 1995 முதல் வழக்கில் உள்ளது. வாரம் ஒருமுறை, வெறுவயிற்றில், ஒரு குவளை வெறுந்தண்ணீரோடு விழுங்கி, அரை மணிநேரம் படுக்காமல் நிமிர்ந்திருத்தல் வேண்டும். தேநீரோடு உட்கொள்ளின் மருந்து உடலிற் சேராது. விடியலில் எழுந்ததும் தேநீர் பருகுவதே வழக்கமான தோட்டத்தில் இவ்வொரு வாக்கியத்தைத் தமிழில், பொறுமையோடு விளக்காவிடின் மருந்து முழுதும் வீணாகும். மருத்துவம் மருந்தளவில் முடிவதன்று. மொழியளவிலும் செல்வது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

முறிவு நேர்ந்தபின் நெடுநாட் படுத்திருத்தலும் தவறு. அசையாத எலும்பு மேலும் கரையும். வலி தணிந்ததும் நடத்தலும், முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தலும் நன்று. குனிந்தபடி திருகித் தூக்குதல் ஆகாது. முழங்காலை மடித்து, பொருளை உடலோடு அணைத்துத் தூக்குதல் வேண்டும். இவற்றிற்கெல்லாம் மேலாக விழாமற் காத்தல் வேண்டும். வழுக்கும் லயத்துப் படிக்கட்டும், கைப்பிடியற்ற மலைப்பாதையும், இரவில் வெளிச்சமின்றிச் செல்லும் தொலைவான மலசலகூடமும் எலும்பை முறிப்பதில் முதுமைக்குத் துணைபோகின்றன. ஒரு படிக்கு ஒரு கைப்பிடி இடுதல் ஒரு புட்டி மருந்துக்கு ஒப்பாகும்.

முடிவுரை

தோட்டத்து மக்களின் உழைப்பு நாட்டின் செல்வமாயிற்று. அவர்தம் முதுமை நாட்டின் பேரேட்டில் ஏறவில்லை. கொளுக்கிப்புழுவை ஒருகாலத்தில் விதி என்றனர். ஆய்ந்தபின் அது புழுவென்று கண்டனர். மருந்து கொடுத்து நீக்கினர். கூனும் இன்று அந்நிலையிலேயே நிற்கின்றது. விதி என்று கூறும் வரையில் அதற்கு மருந்தில்லை; நோய் என்று கூறிய அன்றே மருந்து பிறக்கின்றது.

இவ்விதழைப் படிக்கும் மாணவருட் பலர் தோட்டங்களிலிருந்து வருவோர். தாயும் பாட்டியும் எடுத்த கொழுந்தே அவர் புத்தகமாயிற்று. அடுத்த விடுமுறையில் இல்லம் செல்லும்போது, பாட்டியைச் சுவரோரம் நிறுத்தி அவர் பிடரி சுவரைத் தொடுகின்றதா என்று பாருங்கள். தொடாவிடின், முதுகு வலி எப்போது தொடங்கியது என்று கேளுங்கள். கேட்டதை மருத்துவரிடம் சென்று கூறுங்கள். பாடநூல் தாராத வரலாற்றுப் பாடம் ஒன்று அவ்விடையில் இருக்கும். அப்பாடத்துக்கு நீவிர் செய்யத்தக்க கைம்மாறும் அங்கேயே இருக்கும்.